மைத்ரியில் ஓர் ஆண்டு

பழந்தமிழர் ஓராண்டினைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஒரு நாளினை வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் எனச் சிறுபொழுதுகளாகப் பகுத்தனர். ஞாயிறு நாள்தோறும் தோன்றி மறையும் நிலத்திற்கு இப்பகுப்பு நன்கு பொருந்தும். ஆனால், இரண்டு திங்கள் காலம் வைகறையே இல்லாத நிலமும் இவ்வுலகில் உண்டு. அங்கே வேறு இரண்டு திங்கள் காலம் மாலையும் இல்லை. அந்நிலமே தென்துருவத்தைச் சூழ்ந்துள்ள அண்டார்க்டிகா. அங்கே இந்தியா அமைத்துள்ள ஆய்வு நிலையங்களுள் ஒன்று மைத்ரி. மைத்ரி என்னும் சொல்லுக்கு நட்பு என்பது பொருள்.

பனியால் மூடிய கண்டம்

அண்டார்க்டிகாவின் பரப்பு ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் சதுர கிலோமீட்டர். இதில் நூற்றுக்கு 98 பங்கு பனிக்கட்டியால் மூடப்பட்டுள்ளது. அப்பனியின் சராசரித் தடிமன் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். 1983-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 21-ஆம் நாள், இக்கண்டத்திலுள்ள வஸ்தோக் என்னும் உருசிய நிலையத்தில் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் 89.2 பாகை செல்சியசு எனப் பதிவாயிற்று. புவியின் மேற்பரப்பில் கருவிகொண்டு நேரடியாக அளக்கப்பட்ட மிகக் குறைந்த வெப்பநிலை இதுவேயாகும்.

இக்கண்டத்தில் பழங்குடி மக்கள் எவரும் இல்லை. ஊர் இல்லை, சந்தை இல்லை, மரம் ஒன்றுகூட இல்லை. எந்த நாடும் இதனைத் தனதெனக் கொண்டு ஆள்வதற்கு மாறாக, அமைதிப் பணிகளுக்கும் அறிவியல் ஆய்வுக்கும் மட்டுமே இதனைப் பயன்படுத்த வேண்டும் என்று 1959-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் 12 நாடுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. இந்தியா 1983-ஆம் ஆண்டு அவ்வுடன்படிக்கையில் இணைந்தது.

அதற்கு முன்னரே இந்திய அறிவியலாளர் அங்குச் சென்றுவிட்டனர். முனைவர் எஸ். இசட். காசிம் தலைமையில் 21 பேர் கொண்ட முதற்குழு 1981-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கோவாவிலிருந்து கப்பலில் புறப்பட்டு, 1982-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அண்டார்க்டிகாவை அடைந்தது.

புதைந்த நிலையமும் பாறைமேல் நின்ற நிலையமும்

இந்தியாவின் முதல் நிலையமாகிய தட்சிண கங்கோத்ரி 1983-84-ஆம் ஆண்டுகளில் அமைக்கப்பட்டது. அது கடலை ஒட்டி மிதக்கும் பனித்தட்டின்மேல் எழுப்பப்பட்டதாகும். ஆண்டுதோறும் பெய்த பனியும் காற்று கொணர்ந்து குவித்த பனியும் அதனைச் சிறிது சிறிதாக மூடின. சில ஆண்டுகளில் கட்டடம் பனிக்குள் புதைந்துபோனது. 1990-ஆம் ஆண்டு அந்நிலையம் கைவிடப்பட்டது.

அதனால் கிடைத்த பட்டறிவு அடுத்த நிலையத்திற்குப் பயன்பட்டது. 1988-89-இல் எழுப்பப்பட்ட மைத்ரி நிலையம், சிர்மாக்கர் சோலை எனப்படும் பாறைப் பகுதியில் நிற்கிறது. பாலைவனத்தின் நடுவே நீரும் பசுமையும் உள்ள இடத்தைச் சோலை என்பர். பனிப்பாலையின் நடுவே பனி மூடாத பாறை நிலமாக இருப்பதால் இவ்விடமும் அப்பெயரைப் பெற்றது. நூற்றுக்கும் மேற்பட்ட சிறு ஏரிகள் இங்கு உள்ளன. கட்டடம் தரையில் அமராமல் இரும்புக் கால்களின்மேல் உயர்த்தி அமைக்கப்பட்டுள்ளது. காற்று அடித்து வரும் பனி, சுவரில் மோதிக் குவியாமல் கட்டடத்தின் அடியில் புகுந்து கடந்து செல்கிறது.

இதன் பின்னர், கிழக்கே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவில் லார்செமான் குன்றுப் பகுதியில் பாரதி என்னும் மூன்றாம் நிலையம் 2012-ஆம் ஆண்டு அமைந்தது. கப்பலில் சரக்கு ஏற்றும் 134 இரும்புப் பெட்டகங்களை இணைத்து அக்கட்டடம் உருவாக்கப்பட்டது.

பருவங்கள் மாறுவது ஏன்?

துருவப் பகுதியில் ஆறு திங்கள் பகல், ஆறு திங்கள் இரவு என்று பலரும் கூறுவர். அது சரியாகத் துருவப் புள்ளிக்கே பொருந்தும். மைத்ரி அமைந்துள்ள இடம் தென்குறுக்குக்கோடு ஏறத்தாழ 71 பாகை. இங்கே தொடர்பகலும் தொடரிரவும் தலா இரண்டு திங்கள் அளவே நீடிக்கின்றன.

புவியின் அச்சு ஏறத்தாழ 23.5 பாகை சாய்ந்துள்ளது. அச்சாய்வு மாறாமலேயே புவி ஞாயிற்றைச் சுற்றி வருகிறது. டிசம்பர்த் திங்களில் தென்துருவம் ஞாயிற்றை நோக்கிச் சாய்ந்திருக்கும். அப்போது மைத்ரியில் நள்ளிரவிலும் ஞாயிறு அடிவானத்திற்குமேல் நிற்கும். ஜூன் திங்களில் தென்துருவம் ஞாயிற்றுக்கு அப்பால் விலகிச் சாய்ந்திருக்கும். அப்போது நண்பகலிலும் ஞாயிறு தோன்றாது. தில்லியில் மக்கள் வெயிலில் வாடும் ஜூன் திங்கள் மைத்ரியில் கடுங்குளிர்க் காலம். தில்லி மக்கள் கம்பளி போர்த்தும் டிசம்பர்த் திங்கள் அங்கே கோடைக்காலம்.

கோடை: உறக்கத்திற்கு நேரமில்லாக் காலம்

நவம்பர் முதல் மார்ச்சு வரை மைத்ரியின் கோடை. நவம்பர்த் திங்களின் நடுவிலிருந்து ஜனவரித் திங்களின் பிற்பகுதி வரை ஞாயிறு மறைவதே இல்லை. வெப்பநிலை சுழியத்தை ஒட்டியும் சில நாள்களில் அதற்குச் சற்று மேலும் இருக்கும். பாறை இடுக்குகளில் பனி உருகி நீரோடைகள் ஓடும். பாசிகளும் கற்பாசிகளும் ஈரம் பெற்று உயிர்த்தெழும். செட்டிநாட்டுச் சமையலில் மணத்திற்காகச் சேர்க்கப்படும் கல்பாசியும் இக்கற்பாசி இனத்தைச் சேர்ந்ததே. ஸ்குவா என்னும் பழுப்புநிறக் கடற்பறவைகள் பாறைகளுக்கிடையே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும்.

மனிதருக்கு இதுவே வேலை மிகுந்த காலம். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரிலிருந்து விமானம் வழியாகவும் கப்பல் வழியாகவும் புதிய குழுவினர் வந்து சேர்வர். ஓர் ஆண்டுக்குத் தேவையான எரிபொருள், உணவு, கருவி, மருந்து அனைத்தையும் கப்பல் கொண்டு வரும். கப்பல் நிற்கும் பனித்தட்டின் விளிம்பு மைத்ரியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கிருந்து சங்கிலிச் சக்கரம் பூண்ட பனிவண்டிகள், பொருள்களைச் சறுக்குப் பலகைகளில் ஏற்றி இழுத்து வரும். பனிப்பரப்பில் ஆழமான வெடிப்புகள் மறைந்திருக்கும். மேலே மெல்லிய பனி மூடியிருப்பதால் அவை கண்ணுக்குப் புலப்படா. ஆகவே, வண்டிகள் தனித்துச் செல்வதில்லை. ஒன்றன்பின் ஒன்றாக, முன்னரே ஆராய்ந்து குறியிட்ட தடத்திலேயே செல்லும்.

நிலவியலாளர் பாறைகளை ஆராய்வதும், உயிரியலாளர் ஏரி நீரை எடுப்பதும், பொறியாளர் கட்டடத்தைப் பழுது பார்ப்பதும் இக்காலத்தில்தான். வெளியே வெளிச்சம் குறையாததால் உடலுக்கு இரவு வந்தது தெரிவதில்லை. சாளரங்களை மூடி அறையை இருளாக்கிக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்தே உறங்கச் செல்ல வேண்டும்.

கடைசிக் கப்பல்

மார்ச்சுத் திங்களில் கடல் மீண்டும் உறையத் தொடங்கும். அதற்கு முன் கோடைக் குழுவினர் கப்பலில் திரும்பிவிடுவர். ஏறத்தாழ 25 பேர் மட்டும் குளிர்காலக் குழுவாக அங்கே தங்குவர். கடைசிக் கப்பல் சென்றபின், அடுத்த கோடை வரும்வரை எவரும் எளிதில் வரவும் இயலாது, போகவும் இயலாது.

ஆகவே, இக்குழுவினர் மிகுந்த கவனத்துடன் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். கோவாவிலுள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் இப்பயணங்களை ஒருங்கிணைக்கிறது. செல்வோருக்கு உடல்நலமும் மனநலமும் சோதிக்கப்படும். உத்தராகண்டு மாநிலத்தின் ஔலி என்னும் மலைப்பகுதியில் பனியில் நடக்கவும், கயிறு பிடித்து ஏறவும், வெடிப்பில் வீழ்ந்தவரை மீட்கவும் பயிற்சி அளிக்கப்படும். குழுவில் அறிவியலாளர் மட்டும் இருப்பதில்லை. மருத்துவர், சமையலர், மின்பணியாளர், குழாய்ப் பணியாளர், வண்டி பழுது பார்ப்பவர், தகவல்தொடர்பாளர் எனப் பலரும் இருப்பர். இவர்களுள் ஒருவர் பணி நின்றாலும் மற்றவர் பணி நடவாது.

மருத்துவரின் பொறுப்பு எத்துணைப் பெரிது என்பதற்கு அதே சோலையில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி சான்றாகும். மைத்ரிக்கு அண்மையில் நவலாசரெவ்ஸ்காயா என்னும் உருசிய நிலையம் உள்ளது. 1961-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் அங்கிருந்த ஒரே மருத்துவர் லியோனித் ரோகசோவ். அவருக்கு அகவை 27. ஏப்ரல் இறுதியில் அவருக்கே குடல்வால் அழற்சி ஏற்பட்டது. பனிப்புயலில் விமானம் வர வழியில்லை. அறுவை செய்யாவிடில் உயிர் பிழைக்க வழியில்லை. உடன் இருந்தோர் கருவிகளை எடுத்துக் கொடுக்கவும் கண்ணாடியைப் பிடிக்கவும் செய்ய, அவர் தமக்குத் தாமே அறுவை செய்து குடல்வாலை அகற்றினார். இரண்டு வாரங்களில் மீண்டும் பணிக்குத் திரும்பினார். உதவிக்கு நின்றோர் மருத்துவம் கற்றவர் அல்லர். ஒருவர் வானிலையாளர், மற்றொருவர் வண்டியோட்டி.

இருண்ட திங்கள்களில் ஒரு நாள்

மே மாதப் பிற்பகுதியில் ஞாயிறு மறையும். பின்பு ஜூலை மாதப் பிற்பகுதியில்தான் அது மீண்டும் தோன்றும். இடைப்பட்ட நாள்களில், நண்பகலையொட்டி வடக்கு அடிவானத்தில் செம்மை கலந்த மங்கிய ஒளி சிறிது நேரம் படர்ந்து மறையும். வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் 30 பாகைக்கும் குறையும். கண்டத்தின் உள்மேட்டில் குளிர்ந்து கனத்த காற்று சரிவில் இறங்கிக் கடலை நோக்கிப் பாயும். பனிப்புயலின்போது காற்றின் விரைவு மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. அப்போது நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. கட்டடத்திற்கும் ஆய்வுக் குடில்களுக்கும் இடையே கயிறு கட்டப்பட்டிருக்கும். அதனைப் பற்றிக்கொண்டே செல்ல வேண்டும். எவரும் தனியே வெளியேறலாகாது. செல்பவர் பெயரும் நேரமும் பதிவேட்டில் எழுதப்படும்.

இத்தகைய இருளிலும் நிலையத்தில் பணி ஓய்வதில்லை. இந்திய வானிலைத் துறையினர் காற்றழுத்தம், வெப்பநிலை, காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்த நேரத்தில் தவறாது பதிவு செய்வர். இரவுப் பணியில் இருப்பவரும் மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை அளவெடுக்க வேண்டும். புவிக்காந்த ஆய்வாளர் கருவிகளைக் கண்காணிப்பர்.

மின்னாக்கி எந்திரங்களே நிலையத்தின் உயிர். வெளிச்சம், வெம்மை, நீர், தொலைத்தொடர்பு ஆகிய அனைத்தும் அவற்றைச் சார்ந்தவை. அவை நின்றுவிட்டால் அறைகள் விரைவில் உறைநிலைக்குச் செல்லும். ஆதலின், எந்திர அறையில் இரவும் பகலும் ஒருவர் விழித்திருப்பார்.

குடிநீர், நிலையத்தின் அருகிலுள்ள பிரியதர்சினி ஏரியிலிருந்து வருகிறது. கடுங்குளிரிலும் அவ்வேரி முழுவதும் உறைந்துபோவதில்லை. பனிக்கட்டி நீரைவிட இலேசானது. ஆகவே மேலே மிதக்கிறது. அம்மேற்படலம் போர்வை போல நின்று கீழுள்ள நீரின் வெம்மை வெளியேறாமல் தடுக்கிறது. அடியிலுள்ள நீரை எக்கி கொண்டு மேலேற்றி, வெம்மையூட்டிய குழாய்கள் வழியாகக் கொணர்கின்றனர். குழாயில் ஓரிடத்தில் வெம்மை குறைந்தாலும் நீர் உறைந்து வழி அடைபடும். அப்போது நள்ளிரவாயினும் பனிப்புயலாயினும் சென்று சரிசெய்தல் வேண்டும்.

சமையலறைப் பணியும் துப்புரவுப் பணியும் முறைவைத்து அனைவருக்கும் பகிர்ந்தளிக்கப்படும். இதில் தலைவர், தொண்டர் என்ற வேறுபாடு இல்லை. சமையலர் ஓய்வெடுக்கும் நாளில் ஏனையோர் சமைப்பர். அந்நாளில் ஒருவர் பராட்டா சுடுவார். மற்றொருவர் இட்லிக்கு மாவு அரைப்பார். கோடையில் வந்த பசுங்காய்கறிகள் தீர்ந்தபின், உறையவைத்த காய்களும் உலர்த்திய காய்களும் பருப்பு வகைகளுமே உணவு.

குளிருக்கு அஞ்சுவதினும் தீக்கு அஞ்சுவதே அங்கு மிகுதி. துருவக் காற்று மிக வறண்டது. பொருள்கள் எளிதில் பற்றிக்கொள்ளும். தீயணைக்க நீர் எளிதில் கிட்டாது. உறைவிடம் எரிந்துபோனால் புகலிடம் தேடி ஓட அடுத்த ஊர் இல்லை. ஆகவே, தீத்தடுப்புப் பயிற்சி இடையறாது நடைபெறும்.

மனத்தின் குளிர்காலம்

உடலைக் காப்பதைவிட உள்ளத்தைக் காப்பது அரிது. ஞாயிற்றின் ஒளி இன்மையால் உறக்கம் குலையும். சிலருக்கு மறதி உண்டாகும்; சிலர் பேச்சைக் குறைத்துக்கொள்வர்; சிறு சொல்லும் பெரும் பூசலாகலாம். அதே 25 முகங்களையே நாள்தோறும் காண வேண்டும். பிணக்குக் கொண்டு விலகிச் செல்ல வேறு இடமும் இல்லை. ஆகவே, உணவினை அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணுதலும், விளையாட்டும், உடற்பயிற்சியும், விழாக் கொண்டாட்டமும் அங்கே பொழுதுபோக்கு மட்டும் அல்ல; மருந்தும் ஆகும்.

ஜூன் 21, துருவ இரவின் நடுநாள். அன்று அண்டார்க்டிகாவின் எல்லா நிலையங்களிலும் விழா நடைபெறும். ஒரு நாட்டு நிலையத்தினர் மற்றொரு நாட்டு நிலையத்தினருக்கு வாழ்த்து அனுப்புவர். அந்நாளுக்குப் பின் ஞாயிறு தங்களை நோக்கித் திரும்பி வருகிறது என்பதே அவ்விழாவின் பொருள். இருளும் ஒரு நன்மை செய்கிறது. தெளிந்த இரவுகளில் பச்சை நிறத் துருவ ஒளி வானெங்கும் திரைச்சீலை போல அசைந்தாடும். ஞாயிற்றிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்கள், புவியின் காந்தப் புலத்தால் துருவங்களை நோக்கி ஈர்க்கப்பட்டு வளிமண்டல அணுக்களுடன் மோதுவதால் இவ்வொளி பிறக்கிறது.

பெண்களும் இப்பணியில் பங்கு கொண்டுள்ளனர். நிலவியலாளர் சுதிப்தா சென்குப்தாவும் கடலியலாளர் அதிதி பந்த்தும் 1983-84-ஆம் ஆண்டுப் பயணத்தில் சென்ற முதல் இந்தியப் பெண்மணிகள். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த மங்களா மணி தம் 56-ஆம் அகவையில், 2016-ஆம் ஆண்டு நவம்பரில் பாரதி நிலையத்திற்குச் சென்றார். 23 பேர் கொண்ட குழுவில் அவர் ஒருவரே பெண். செயற்கைக்கோள்கள் அனுப்பும் தரவுகளைப் பெறும் பணியில் 403 நாள்கள் அங்கே தங்கியிருந்தார்.

ஞாயிறு திரும்பும் காலம்

ஜூலை இறுதியில் ஞாயிறு அடிவானத்தில் சில நிமிடங்கள் தலைகாட்டும். அதன்பின் நாளுக்கு நாள் பகல் விரைந்து வளரும். குழுவினர் வெளியே வந்து நின்று முதற்கதிரைக் காண்பர்.

இவ்வேளையில் வானில் ஒரு மாற்றம் நிகழ்கிறது. புவியைப் புறஊதாக் கதிர்களிலிருந்து காப்பது ஓசோன் படலம். குளிர்சாதனப் பெட்டிகள் முதலியவற்றில் முன்னர்ப் பயன்பட்ட குளோரின் கலந்த வேதிப்பொருள்கள், வளிமண்டலத்தின் மேலடுக்கை அடைந்தன. துருவ இரவின் கடுங்குளிரில் அங்கே உருவாகும் நுண்ணிய முகில்கள் அவற்றை மாற்றி வைத்திருக்கும். இளவேனிலில் கதிரொளி பட்டதும் குளோரின் விடுபட்டு ஓசோனை அழிக்கும். இவ்வோசோன் இழப்பினை 1985-ஆம் ஆண்டு பிரித்தானிய அறிவியலாளர் அண்டார்க்டிகாவில் செய்த அளவீடுகளைக்கொண்டு உலகிற்கு அறிவித்தனர். அதன் விளைவாக 1987-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் உருவாயிற்று. மைத்ரியிலும் கருவி கட்டிய பலூன்களைப் பறக்கவிட்டு ஓசோனின் அளவு பதிவு செய்யப்படுகிறது. பனியின் நடுவே ஒருவர் எழுதும் எண், உலக நாடுகள் தீட்டும் சட்டத்திற்கு அடிப்படையாகலாம் என்பதற்கு இது சான்று.

வந்த சுவடு தெரியாமல்

குளிரில் எப்பொருளும் எளிதில் மட்குவதில்லை. பாசியின்மேல் பதிந்த காலடித் தடம் பல ஆண்டுகள் மறையாமல் இருக்கும். ஆகவே, 1991-இல் கையெழுத்தான மாட்ரிட் நெறிமுறை இக்கண்டத்தில் சுரங்கம் தோண்டுவதைத் தடை செய்தது. அயல் நாய்கள் கடல்நாய்களுக்கு நோய் பரப்பக்கூடும் என்பதால், பனிச்சறுக்கு வண்டி இழுத்த நாய்களும் 1994-ஆம் ஆண்டுக்குள் வெளியேற்றப்பட்டன. மைத்ரியில் சேரும் கழிவுகள் வகை பிரித்துக் கட்டப்பட்டுக் கப்பலில் திருப்பி அனுப்பப்படுகின்றன.

நவம்பரில் புதிய குழு வரும். ஓராண்டு காத்த எந்திரங்களையும் ஏடுகளையும் பழைய குழுவினர் அவர்களிடம் ஒப்படைப்பர். இன்ன குழாய் எளிதில் உறையும், இன்ன கதவு காற்றில் திறவாது என ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுப்பர். பல மாநிலத்தவர், பல மொழியினர் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்து ஒருவர் உயிரை ஒருவர் காத்த ஆண்டு அத்துடன் நிறைவுறும். அவ்வகையில் மைத்ரி என்னும் பெயர் அந்நிலையத்திற்கு மிகவும் பொருந்துவதாகும்.

சிந்தித்து விடை எழுதுக

1. தட்சிண கங்கோத்ரி கைவிடப்பட்டதற்குக் காரணம் யாது? மைத்ரியின் அமைப்பில் அக்குறை எவ்வாறு நீக்கப்பட்டது?
2. பிரியதர்சினி ஏரி அடிவரை உறையாமல் இருப்பது ஏன்?
3. துருவ நிலையத்தில் குளிரைவிடத் தீக்கு மிகுதியாக அஞ்சுவது ஏன்?
4. சமையலறைப் பணியை அனைவரும் பகிர்ந்துகொள்வதால் குழுவிற்கு விளையும் நன்மைகளை ஐந்து தொடர்களில் எழுதுக.
5. நீவிர் வாழும் ஊரில் ஆறு பெரும்பொழுதுகளுள் எவை தெளிவாகப் புலப்படுகின்றன? மைத்ரியின் பருவங்களோடு ஒப்பிட்டு எழுதுக.
6. பிரித்து எழுதுக: பெரும்பொழுது, பனிப்புயல், குடிநீர், காலடி.